நான்காவது எதிரி

ஜூன் 3, திங்கள்

முப்பத்து நான்கு வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக எழுதியது போதாதென்று இன்றுமுதல் சாமிக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் சுலோச்சனாவின் ஏற்பாடு. "ரிட்டயர் ஆனதுலேர்ந்து வீட்ல என்னையே விசாரணை பண்ணிக்கிட்டு இருக்கீங்க. கோயில்ல எழுத ஆளு இல்லையாம். போய் எழுதுங்க, புண்ணியமாவது சேரும்" என்றாள்.

ஆலந்துறைக்காட்டு வாதுகேட்ட அய்யனார் கோயிலில் வழக்கம் இது. அநியாயம் நேர்ந்தவர்கள் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு வந்து நடந்ததைச் சொல்வார்கள். அதை வெள்ளைத்தாளில் எழுதவேண்டும். பூசாரி பெரியண்ணன் அதைச் சுருட்டி, சந்நிதிக்கு எதிரே நட்டிருக்கும் வேலில் மஞ்சள் நூலால் கட்டுவார். இதற்குப் பிராது என்று பெயர். நாற்பத்தெட்டு நாளைக்குள் அய்யனார் குதிரையேறிப் போய்க் குற்றவாளியைத் தண்டித்துவிடுவாராம். பிறகு காகிதத்தை அவிழ்த்துக் குளத்தில் கரைத்துவிடுவார்கள். சார்ஜ் ஷீட் போட எங்களுக்குக்கூடத் தொண்ணூறு நாள் கொடுத்தார்கள்.

வேலில் இடமே இல்லை. மாவுப்பூச்சி பிடித்த செம்பருத்திக் கிளை மாதிரி இருந்தது. இன்று பதினொரு பிராது. ஈரத்துணி வாடையும் எரிந்த எண்ணெய் வாடையும் சட்டையில் ஏறிவிட்டன.

ஜூன் 7, வெள்ளி

இரண்டு நாளில் இருபத்து மூன்று பிராது. ஆடு, மோட்டார், தாலிக்கொடி, பக்கத்து வீட்டுக்காரி வைத்த செய்வினை, மருமகன் உடைத்த கை. ஒரு கொலையும் உண்டு. ஒருவர் தன் தம்பியை லாரி ஏற்றிக் கொன்றவனின் பெயர், லாரி நம்பர் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார்.

"ஸ்டேஷன்ல சொன்னீங்களா?" என்றேன்.

"ஸ்டேஷன்ல சொன்னா அவனுக்குத் தெரிஞ்சிருங்க."

"அய்யனார்கிட்ட சொன்னா?"

"அய்யனார் வெளிய சொல்ல மாட்டாருங்க."

இந்த ஜனங்களை என்ன சொல்வது? இவ்வளவு குற்றம் நடக்கிற ஊரில் நான் ரைட்டராக இருந்தபோது வருடத்துக்கு நாற்பது வழக்குகூடப் பதிவானதில்லை. மற்றதெல்லாம் இங்கே வந்து தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மத்தியானம் அந்த லாரிக்காரனே குடும்பத்தோடு வந்தான். தன் பெயர் சுருட்டிக் கட்டியிருக்கும் வேலுக்கு முன்னால் நின்று நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தான். கோயில் வாசலில் நிற்கும் புது மண்குதிரை அவன் உபயம். வயிற்றில் அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. முதல் விபூதி அவனுக்குத்தான். தேங்காய்த் தண்ணீர் என் காலுக்கடியில் ஓடி வந்தது. காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 10, திங்கள்

தர்மகர்த்தா உலகநாதன் வந்து பார்த்தார். முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியும் இரண்டு செங்கல் சூளையும் வைத்திருப்பவர். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை. என் எழுத்தைப் பார்த்து, "அச்சுல அடிச்ச மாதிரி இருக்குது. 'மேற்படி ஆடு'ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, சாமிக்கே பயம் வந்துரும்" என்று சிரித்தார். பிறகு, "ஒண்ணு பண்ணுங்க ரைட்டர். ஒவ்வொரு பிராதையும் கட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பிருங்க. கோயில் ரெக்கார்டுக்கு."

ரெக்கார்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். பன்னிரண்டு படம் அனுப்பினேன்.

ஜூன் 14, வெள்ளி

ஏழு பிராது. படம் அனுப்பியாயிற்று. வீட்டில் கீரைக்குழம்பு, உப்பு இல்லை.

ஜூன் 17, திங்கள்

போன வாரம் ஆடு திருடு போனதென்று எழுத வந்த மருதை இன்று பிராதைத் திரும்ப வாங்க வந்தார். அறுபது வயசு மனுஷர். முன்பல் இரண்டு இல்லை. உதடு வீங்கி ஈ மொய்த்தது.

"ராஜியாப் போயிட்டோமுங்க" என்றார்.

"பல்லு என்னாச்சு?"

"வழுக்கி விழுந்துட்டேங்க."

"எங்க விழுந்தீங்க?"

"விழுந்த எடத்துலதான்."

இப்படிப்பட்ட பதில்களை ஆயிரம் எழுதியிருக்கிறேன். 'மனம் மாறி, பூரண சம்மதத்துடன்' என்று எழுதி நீட்டினேன். கைநாட்டு வைத்தவர் மையைத் தலையில் துடைத்துக்கொண்டே, "திருடுனவன் பேரை நான் வேற யாருகிட்டயும் சொல்லலைங்க. ஊட்டுக்காரிகிட்டகூட சொல்லல. உங்ககிட்டயும் சாமிகிட்டயும்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

ஜூன் 21, வெள்ளி

இந்த வாரம் மூன்று பேர் ராஜி. இன்று ஒரு பெண்ணின் கையில் மாவுக்கட்டு.

உலகநாதனிடம் மெல்லக் கேட்டேன். பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசித் தீத்து வெக்கிறோம் ரைட்டர். சாமி என்ன, நெசமாவே குதிரையில வருமா? நம்ம கை காலாலதான் அது வேலை செய்யும்" என்றார். மீசையில் ஒட்டிய சேமியாவை நாக்கால் இழுத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே குமட்டியது.

நான் எழுதுகிறேன், பூசாரி கட்டுகிறார், தர்மகர்த்தா பார்க்கிறார். ஸ்டேஷனிலும் இப்படித்தான். நான் எழுதினேன், இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். நடுவில் யாருக்கோ போன் போகும். நானாக யாருக்கும் போன் செய்ததில்லை, ஒன்றிரண்டு தடவை தவிர.

இன்றைய படங்களையும் அனுப்பினேன்.

ஜூன் 24, திங்கள்

காலனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். செங்கமலம், ஐம்பது வயசிருக்கும். காலனிக்காரர்கள் எல்லைக்கல்லைத் தாண்டி வேலுக்குக் கிட்டே வரக்கூடாது. கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லவேண்டும். முழுகிய தண்ணீர் சொட்டச் சொட்ட வெயிலில் நின்றாள். நான் நாற்காலியைக் கல்லருகே நகர்த்திக்கொண்டேன்.

"எம் பொண்ணு வினோதினி. பதினேழு வயசு. பத்து வருசம் ஆச்சு. முந்திரிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனா. ஞாயித்துக்கெழமை, லீவு நாளு. லோடு ஏத்தணும்னு வரச் சொன்னாங்க. மறுநா காலையில கெணத்துல கெடந்தா."

எழுதினேன். முந்திரித்தோப்புக் கிணறு என்று எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். எந்தக் கிணறு என்று அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை. படிக்கத் தெரியாதவள், கவனிக்கவில்லை.

"கழுத்துல வெரல் பட்ட தடம் இருந்துச்சுங்க. கடைசியா எங்கையாலதான் குளிப்பாட்டுனேன். ஸ்டேஷன்ல வயித்து வலி தாங்காம குதிச்சுட்டான்னு எழுதிட்டாங்க. எம்புள்ளைக்கு ஒரு நாளும் வயித்து வலின்னு வந்ததில்லைங்க. கல்லைத் தின்னாலும் செரிக்கும் அவளுக்கு."

"இத்தனை வருஷம் கழிச்சு ஏன் வந்தீங்க?"

"இத்தனை வருசமும் மனு குடுத்தேன். கலெக்டர் ஆபீஸ், மந்திரி வந்த மேடை, ஒரு எடம் பாக்கியில்ல. இந்தச் சாமி உலகநாதன் ஊட்டுச் சாமியாச்சேன்னு மட்டும் வராம இருந்தேன். இந்த ஆடிக்கு அவரு அண்ணன் மகன் இளவழகனுக்குப் பரிவட்டம் கட்டப் போறாங்களாம். எம்புள்ளையைத் தூக்கிப் போட்டவன் தலையில சாமி துணியக் கட்டுனா, சாமிக்கும் அதுல பங்கு இருக்குன்னுதானே அர்த்தம்? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

குற்றம் சாட்டப்பட்டவனை எங்கள் பாஷையில் எதிரி என்போம். எதிரிகள் யார் யார் என்று கேட்டேன்.

"மொதல்ல இளவழகன். அப்புறம் அவன்கூட சுத்துற ரெண்டு பேரு." அந்தப் பெயர்களையும் சொன்னாள். "நாலாவதா, அன்னிக்கு ஸ்டேஷன்ல எழுதுன ரைட்டரு."

"பேரு?"

"தெரியாதுங்க. அன்னிக்கு நான் தரையைப் பாத்துத்தான் உக்காந்திருந்தேன், மூஞ்சியக்கூடப் பாக்கல. அய்யனாருக்குத் தெரியும்."

எழுதி முடித்து, சுருட்டிப் பூசாரியிடம் கொடுத்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

நேற்றைய பிராதில் எதிரிகள் மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள். தாளின் அடியில் இடம் இல்லை. பெயர் தெரியாத ஆளை எதிரியாகச் சேர்ப்பது முறையும் அல்ல.

நேற்றுப் போனில் சார்ஜ் குறைவாக இருந்தது. படம் எடுத்தேன், அனுப்பவில்லை.

ஜூன் 28, வெள்ளி

"காலனிப் பொம்பள ஒண்ணு வந்துச்சாமே. படம் வரலையே ரைட்டர்?" என்றார் உலகநாதன்.

"ஏதோ ஆட்டு விஷயம்."

"ஆடுதானே, அனுப்ப வேண்டியதுதானே." சிரித்துக்கொண்டே என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எழுந்து போகவில்லை.

அனுப்பினேன்.

ஜூலை 1, திங்கள்

கோயிலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்றுமுதல் நாடெங்கும் புதுச் சட்டமாம். பேப்பரில் பழைய பிரிவையும் புதிய பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தான். சந்தேக மரணத்துக்கு நூற்று எழுபத்து நான்கு. இனி நூற்றுத் தொண்ணூற்று நான்கு. அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலையில் சேர்ந்தபோது பழைய ரைட்டர் சொல்லிக்கொடுத்தது: ஆண் என்றால் கடன் தொல்லை, பெண் என்றால் தீராத வயிற்றுவலி. யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் முழுதாக ஒரு வாக்கியம்கூடச் சொல்லவில்லை. "வழக்கம்போல, ரைட்டர்" என்றார், அவ்வளவுதான். அவர் செத்து நான்கு வருடமாகிறது. நான் அதற்காக யாரிடமும் கை நீட்டவில்லை. அந்த ஆடிக்குக் கோயிலிலிருந்து ஸ்டேஷனுக்குப் பொங்கலும் கறியும் வந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

ஜூலை 5, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு இரண்டு ஆட்கள் செங்கமலத்தை பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார்கள். இடது கன்னம் கறுத்து வீங்கியிருந்தது. இன்றைக்கு எல்லைக்கல்லை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை; நேரே என் மேஜைக்கே இழுத்து வந்தார்கள். உலகநாதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எழுதுங்க ரைட்டர். மனம் மாறி, பூரண சம்மதத்தோட வாபஸ்னு."

அவள் அவரைப் பார்க்கவில்லை. "வேல்ல சுருட்டிக் கட்டுன காகிதம் இவனுங்க போன்ல எப்படி வந்துச்சு? காட்டிக் காட்டி அடிச்சானுங்க" என்று என்னைக் கேட்டாள்.

நான் எழுத ஆரம்பித்தேன். முதல் வரி எழுதியிருப்பேன். அவள் குனிந்து தாளையே பார்த்தாள். பிறகு இடுப்புப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே எட்டாக மடித்த காகிதம், மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. பத்து வருடத்துக்கு முன் ஸ்டேஷனில் அவளுக்குக் கொடுத்த நகல். அதைப் பிரித்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா தெனம் இதைப் பிரிச்சுப் பாக்கறேன். இந்த எழுத்து வாலை இப்படி இழுத்துக்கிட்டுக் கெடக்கு பாரு." ஒரு 'ழு'வின் மேல் விரலை வைத்தாள். அதே விரலை நகர்த்தி, மை காயாத இன்னொரு 'ழு'வின் மேல் வைத்தாள். "நீதானா அது?"

உலகநாதன் சிரித்தார். "ஆமா, இவருதான். அப்பவும் நல்லாத்தான் எழுதுனாரு."

பேனாவைக் கீழே வைத்தேன். "கை வலிக்குது" என்றேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. கை வலிக்கிறது என்றுதான் சொன்னேன்.

மீதியை உலகநாதனே கிறுக்கினார். ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைவிரலை மையில் அழுத்தினான். பெரியண்ணன் மணியடித்துக்கொண்டிருந்தார். சூடம் காட்டினார்கள். நான் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பழக்க தோஷம்.



ஜூலை 6, சனி

சுலோச்சனாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவே இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தப் பொண்ணு விஷயம். அப்ப ஒரு மாசம் தூக்கத்துல வயித்து வலி, வயித்து வலின்னு பொலம்புனீங்க. உங்களுக்குத்தான் வலிக்குதோன்னு கேட்டா, காலையில எரிஞ்சு விழுந்தீங்க. அப்புறம் ஊர்ல பேசிக்கிட்டதைக் கேட்டேன், புரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சு என்ன பண்ணின?"

"என்ன பண்ணுவேன்? நம்மகிட்டயும் ஒரு பொண்ணு இருக்குல்ல. அந்தப் பாவம் அது மேல எறங்கக் கூடாதுன்னு வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு அய்யனாருக்குப் பொங்க வெச்சேன். கோயில்ல போய் எழுதுங்கன்னு சொன்னதும் அதுக்குத்தான். நீங்களே சேவை பண்ணுனா கழிஞ்சிரும்னு நெனச்சேன்."

பத்து வருடம் அந்தப் பொங்கலைச் சாப்பிட்டிருக்கிறேன். நெய் போதவில்லை என்று குறை சொல்லிச் சாப்பிட்டிருக்கிறேன்.

உலகநாதனைப் பார்த்துக் குமட்டியது என்று எழுதியிருந்தேன். இன்று என் வீட்டு அடுப்பைப் பார்த்துக் குமட்டுகிறது. அவளைச் சொல்லி என்ன? அவளாவது பயந்தாள்.

ஜூலை 8, திங்கள்

காலனிக்குப் போனேன். செங்கமலம் வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"எதுக்கு வந்த?"

"புதன்கிழமை எஸ்.பி. ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. நான் பொய்யா எழுதுனேன்னு எழுதிக் குடுக்கப் போறேன். நீங்களும் வந்தா..."

"யாரு எழுதச் சொன்னா?"

"இன்ஸ்பெக்டர்."

"அவனுக்கு யாரு சொன்னா?"

"உலகநாதன். ஸ்டேஷனுக்குப் போன் வந்துச்சு. எடுத்துக் குடுத்ததே நான்தான்."

அவள் அடுத்த சுள்ளியை எடுத்து ஒடித்தாள். இவ்வளவு சுலபமாக ஒருவன் சொல்லக்கூடிய விஷயம் இது என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்திருக்கும்.

"வரேன். ஆனா பஸ்ல உன் பக்கத்துல உக்கார மாட்டேன்" என்றாள்.

ஜூலை 10, புதன்

எஸ்.பி. ஆபீஸ் வராந்தாவில் மூன்று மணி நேரம். எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவன் இப்போது அங்கே எஸ்.ஐ. "ஐயா, என்ன இந்தப் பக்கம்?" என்று ஓடிவந்தவன், மனுவை வாங்கிப் படித்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டான்.

உள்ளே ஒரு பெண் அதிகாரி. நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"இதனால உங்க மேலயே வழக்கு வரும். தெரியுமா?"

"தெரியும்மா."

"பத்து வருஷம் ஏன் சொல்லல? யாராவது மிரட்டுனாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைத்தான் எதிர்பார்த்தார். "இல்லம்மா. பழக்கம்" என்றேன்.

செங்கமலம் தன் காகிதத்தைக் கொடுக்கவில்லை. அவர்கள் நகல் எடுக்கும்வரை மிஷின் பக்கத்திலேயே நின்று, திரும்ப வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டாள். தன் கன்னத்தைக் காட்டி, அடித்தவர்கள் பெயரையும் சொன்னாள். போனில் படம் வந்த கதையை ஆரம்பித்தவளை, "அதைத் தனியா எழுதிக் குடுங்கம்மா" என்று எஸ்.ஐ. நிறுத்திவிட்டான்.

அந்த அதிகாரி என்னிடம், "வேற ஏதாவது சொல்ல வேண்டியிருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். செங்கமலம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஜூலை 19, வெள்ளி

இரண்டாவது எதிரி வேறொரு வழக்கில் ஏற்கெனவே ஜெயிலில் இருக்கிறான். விசாரித்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். நேற்று மாலை இளவழகனைப் பிடித்துவிட்டார்கள். செங்கமலம் சொன்ன முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை அத்தனையும் உண்மை. பத்து வருடத்துக்கு முன்பு ஒரு நாள் அவர்களில் ஒருவனை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

எனக்கும் நோட்டீஸ் வந்தது. எதிரிகள் வரிசையில் நான்காவதாக என் பெயர், தெய்வசிகாமணி. இந்தத் தடவை தாளில் இடம் இருந்திருக்கிறது.

மளிகைக்கடையில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் அசிங்கமாக இருந்தது. "அய்யனார் ரைட்டரைப் புடிச்சு உலுக்கிட்டாரு பாத்தீங்களா" என்று கும்பிட்டார்கள். ஒருத்தி தன் குழந்தையை என் காலில் போட வந்தாள். அடுத்த தெரு வழியாக ஓடி வந்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளி. பஸ் நிறுத்தத்திலிருந்து கோயில்வரை பேனர்: 'பத்தாண்டு ரகசியத்தை உடைத்த வாதுகேட்ட அய்யனார்! அனைவரும் வருக. தர்மகர்த்தா உலகநாதன்.' சொந்த அண்ணன் மகன் என்றுகூடப் பார்க்காமல் சாமி தண்டித்துவிட்டது என்று அவரே மைக்கில் தழுதழுத்தார். பத்து வருடத்துக்கு முந்தைய போனுக்கு என் வாய்மொழியைத் தவிர சாட்சி இல்லை. அவர் மேல் வழக்கு இல்லை. பிராது எழுதும் வரிசை குளத்தைச் சுற்றி நின்றது. புதிதாக ஒருவன் எழுதுகிறான். ஒவ்வொன்றையும் படம் எடுக்கிறான்.

செங்கமலத்தை மேடைக்கு அழைத்திருந்தார்கள். இளவழகன் தலைக்கு வாங்கிவைத்த பட்டுத்துணியை அவள் தலையில் கட்டினார் பெரியண்ணன். "சொல்லும்மா, அய்யனார் பண்ணுன அற்புதத்தை உன் வாயால சொல்லு" என்று உலகநாதன் மைக்கை நீட்டினார். நான் கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் துணியை அவிழ்த்து மைக் கம்பியில் தொங்கவிட்டாள்.

"அய்யனாரு ஒண்ணும் பண்ணல. பத்து வருசமா இங்கயே நின்னுக்கிட்டு இருந்தாரு. நான்தான் நடந்தேன். நீங்க எல்லாம் இந்த வேல்ல கட்டுறீங்களே, அது சாமிகிட்டப் போறதில்ல. எழுதுனவுடனே படம் புடிச்சு இவருக்குப் போவுது. இவரு உங்களை அடிச்சவனுக்கே அதை அனுப்புறாரு. எனக்கும் அப்படித்தான் ஆச்சு. அந்தப் படத்தை அனுப்புன ஆளு அதோ, பின்னாடி நிக்கிறாரு. பெரிய ஆபீஸ்ல எல்லாத்தையும் சொன்னாரு, இதை மட்டும் சொல்லல."

மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். ஆனால் கேட்டவர்கள் கேட்டுவிட்டார்கள். கொஞ்ச நேரம் உறுமி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. முதலில் கையில் மாவுக்கட்டுப் போட்ட அந்தப் பெண் வேலிடம் போனாள். ஒற்றைக் கையால் ஒரு சுருளை அவிழ்க்கப் பார்த்தாள். முடியவில்லை, பல்லால் நூலைக் கடித்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். பூசாரி கத்தியது யார் காதிலும் விழவில்லை. படிக்கத் தெரியாதவர்கள் எது தங்களுடையது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து அடுத்தவரிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மருதை என் முன்னால் வந்து நின்றார்.

"படம் புடிச்சீங்களா?"

"புடிச்சேன்."

"எம் பல்லு போனதைப் பாத்தீங்கல்ல? அதுக்கு அப்புறமும் மத்தவங்களுதை அனுப்புனீங்களா?"

"அனுப்புனேன்."

காறித் துப்பினார். கழுத்திலும் சட்டையிலும் விழுந்தது. நான் துடைத்துக்கொள்ளவில்லை. கும்பிட்டபோது ஓடினேன், இதற்கு ஓடவேண்டும் என்று தோன்றவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

நான் எடுத்த எழுபத்தைந்து படங்களும், எந்த நாள் எந்த நேரம் உலகநாதனுக்குப் போயின என்பதும் என் போனில் அப்படியே இருக்கின்றன. அவர் மேல் வழக்குப் போட அது போதும். நேரே எஸ்.பி. ஆபீஸுக்குப் போகலாம் என்று சட்டையை மாட்டினேன். சுலோச்சனாதான் கேட்டாள்: "அதுல இருக்கறது அவங்க பேருங்க. மறுபடியும் அவங்களைக் கேக்காமயே குடுப்பீங்களா?"

மருதை வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. வெயில் ஏறும்வரை நின்றேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் கதவு பாதி திறந்தது. மருதை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்கன்னு சொல்ல மாட்டேன். அங்கயே நின்னு சொல்லுங்க" என்றார்.

நின்று சொன்னேன்.